பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

அன்புள்ள மகனுக்கு,

நம் வீட்டு மின்சாரப் பலகையைக் கிழக்குச் சுவரின் நடுவிலிருந்து எடுத்து, அதே சுவரின் வாசல்பக்க ஓரத்தில் மாட்டுவது என்ற தீர்மானம், உன் கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பி இட்லி சாப்பிட்ட பிறகு, முன்னறையில் ஒருமனதாக நிறைவேறியது. உன் அம்மா முன்மொழிந்தாள். உன் சித்தப்பா வழிமொழிந்தார். எதிர்த்து வாக்களிக்கக்கூடிய ஒரே ஆளான நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்ததால், என் மௌனம் ஆதரவாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. நாடுகளின் எல்லைகளே இதைவிடக் குறைந்த விவாதத்தில் மாற்றப்பட்டிருப்பதாகப் படித்திருக்கிறேன். நீ அன்று அழைப்பிதழ் கொடுக்க எண்ணூருக்குப் போயிருந்தாய். திரும்பி வந்தபோது பலகை புது இடத்தில் இருந்தது, சுவரில் சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. நடுவில் நடந்தது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தாக வேண்டும். இந்தக் கடிதம் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறது. 'சுவரை உடையுங்கள்' என்று உன் அம்மாவுக்கு ஒரு வரி எழுது. ஏன் என்பதற்காகத்தான் மீதிப் பக்கங்கள்.

பலகை நகர்ந்ததற்குக் காரணம் பீரோ. ஸ்டெல்லாவின் சீரோடு திருவொற்றியூரிலிருந்து ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ வருகிறது என்று தகவல் வந்தது. மருமகளின் பீரோவை உள்ளறையில் வைக்கும் வழக்கம் ராயபுரத்தில் இல்லை. வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறவன் கண்ணிலும் அது பட வேண்டும். அப்படிப் படக்கூடிய சுவர் நம் வீட்டில் ஒன்றுதான். அந்தச் சுவரின் நடுவில்தான் பலகை இருந்தது. கம்பத்திலிருந்து வரும் கம்பிகள் மச்சு வழியாக இறங்கி, அங்கேதான் முடிந்தன. பலகையைக் கதவுப் பக்கம் கொண்டுபோனபோது கம்பிகள் அங்கே எட்டவில்லை. பலகை நகர்ந்தால் கம்பி தானாக வளரும் என்று நம்மில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யோசிக்கவும் இல்லை.

உன் சித்தப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கிரேன் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆகவே மின்சாரம் தனக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. அந்தக் கணக்கில், தினமும் கடலைப் பார்க்கிற நான் மாலுமி. கம்பத்திலிருந்து புதுக் கம்பி முழுதாக இழுப்பதுதான் முறை என்று அவரே முதலில் சொன்னார். அதற்கு மனு கொடுக்க வேண்டும், ஆள் வர வேண்டும், கல்யாணமோ அந்த வாரம். 'ஒட்டுப் போட்றலாம் அண்ணாத்தே' என்றார். அவருடைய தோஸ்து ஒருவர் கம்பத்தில் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டார்; அவர் மென்று முடிப்பதற்குள் வேலை முடிய வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய கம்பி செம்பு. கடையில் கிடைத்த புதுக் கம்பி அலுமினியம். இரண்டையும் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். செய்தித்தாளை அப்போது மடித்துவிட்டிருந்தேன்.

'ரெண்டும் கம்பிதான அண்ணாத்தே? மாமன் மச்சான் மாரி. மொத ரெண்டு நாளு மொறைச்சிக்கினு நிக்கும், அப்பால ஒட்டிக்கும்' என்றார் சித்தப்பா, இரண்டையும் சேர்த்து முறுக்கிக்கொண்டே.

ஆனாலும் ஒட்டின் மேல் ஒரு மரப்பெட்டி வைத்து மூடலாம், பின்னால் தேவைப்பட்டால் திறந்து பார்க்கலாம் என்று அவரே சொன்னார். இதை அவருக்கு நியாயமாக எழுதுகிறேன். பெட்டி வைத்தால் பீரோ சுவரோடு ஒட்டி நிற்காது. ஒரு கை அகலம் தள்ளி நிற்கும். 'பீரோ இன்னாத்துக்கு அந்தரத்துல நிக்குதுன்னு சம்பந்தி கேப்பாங்க. பெட்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம், பூசி வுட்ருங்க' என்றாள் உன் அம்மா. டேப் சுற்றிய ஒட்டுகள், பலகை இருந்த பள்ளத்திலேயே வைத்துக் காரை பூசி மூடப்பட்டன. மேலே சுண்ணாம்பு. அதன் மேல் பீரோ. எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

கல்யாணம் நடந்தது. நீ மூன்று வாரத்தில் கப்பல் ஏறினாய். துறைமுக வாசலில் உன்னிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். வரிசை நகர்ந்துவிட்டது. அதற்கடுத்த மாதம் ஸ்டெல்லா முழுகாமல் இருப்பது தெரிந்தது. ஆடி மாதத்தில், நான் அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அவள் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: 'மாமா, பீரோவத் தொட்டா எறும்பு கடிக்கற மாரி கீது.'

இதைக் கேட்டதும் நம் குடும்பம் செயலில் இறங்கியது. உன் அம்மா, வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள். பக்கத்து வீட்டம்மாள் இரத்தக் குறைவு என்றாள், முருங்கைக்கீரை வாங்கப்பட்டது. சித்தப்பா உப்புக்காற்று என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். எறும்புதான். எனக்கு இரத்தக் குறைவு இல்லை, வயிற்றில் பிள்ளையும் இல்லை. ஆகவே எனக்கு வயதாகிவிட்டதென்று முடிவாயிற்று. அந்த மாதம் நம் வீட்டில் பீரோவைத் தவிர மற்ற எல்லோருக்கும் வைத்தியம் நடந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு வரும் கப்பல் எஞ்சினியர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நண்பர் வீட்டில் நடந்ததாகத்தான் சொன்னேன். செம்பும் அலுமினியமும் ஈரக்காற்றில், அதிலும் உப்பு ஈரத்தில், ஒன்றையொன்று தின்னும் என்றார். ஒட்டு தளரும், சூடேறும், டேப் காய்ந்து உதிரும், அப்புறம் மின்சாரம் ஈரச் சுவரில் கசியும். சுவரில் என்ன சாய்ந்திருக்கிறது என்று கேட்டார். இரும்பு பீரோ என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். 'மழைக்காலத்துக்கு முன்னால் உங்கள் நண்பரைச் சுவரை உடைக்கச் சொல்லுங்கள்' என்றார். உன் எஞ்சின் அறையில் யாரையும் கேட்டுப் பார், இதையேதான் சொல்வார்கள்.

அன்று சாயங்காலமே உளியும் சுத்தியும் வாங்கி வந்தேன். உன் அம்மா வாசலில் நின்றாள்.

'இன்னாங்க இது?'

'சுவரை உடைக்கணும்.'

'புள்ளத்தாச்சி கீற வூட்ல செவுத்த இடிப்பாங்களா? உங்களுக்குப் புத்தி கீதா?'

நாம் கத்தோலிக்கர்கள், மூட நம்பிக்கை கிடையாது. நாள் பார்ப்பதில்லை, பல்லி சொல்வதைக் கேட்பதில்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிப்பதில்லை, சுவர் இடிப்பதில்லை என்பது மட்டும் மூட நம்பிக்கைப் பட்டியலில் வராது, அது முன்னெச்சரிக்கை. இதைக் கிண்டலாக எழுதுவதாக நினைக்காதே. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை உண்டாயிற்று. ஆறாம் மாதத்தில் நான் புதுக் காலண்டர் மாட்டுவதற்காகச் சமையலறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். வேண்டாம் என்று உன் அம்மா சொன்னாள். நான் அறிவியல் பேசினேன், நன்றாகவே பேசினேன். அந்த வாரக் கடைசியில் குழந்தை போய்விட்டது. ஆணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் உன் அம்மா அன்றிலிருந்து அந்த ஆணியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பேசாதவளுக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவது? உளியைக் கட்டிலுக்கடியில் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இங்கே உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும். அப்பன் கடிதத்தில் அதுவும் இல்லாவிட்டால் அஞ்சல்காரர் சந்தேகப்படுவார். ஒரு குடும்பம் ஆபத்தை அறியாமல் கெடுவதில்லை; அதோடு பழகிக்கொண்டு கெடுகிறது. நீ சின்னவனாக இருந்தபோது சமையலறைக் கூரை ஒழுகியது. நாம் ஓடுகளை மாற்றவில்லை. கீழே அண்டாவை வைத்தோம். அடுத்த வருஷம் பெரிய அண்டா வாங்கினோம். ஒழுகலுக்கு ஏற்ற அண்டா நம்மிடம் இருப்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நீ அதில் காகிதக் கப்பல் விட்டாய். எல்லோரும் சிரித்தோம். கடைசியில் கூரையின் உத்தரம் உளுத்துப்போய் இறங்கியது, அடுப்பில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இறங்கியது. அதைக் கடவுள் கருணை என்று சொல்லிப் பூசைக்குக் கொடுத்தோம். கடவுள் அண்டாவைப் பற்றி என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. உனக்கென்று ஒரு குடும்பம் வந்தபின், எதற்காவது ஒரு அண்டா வாங்கப் போகிறாய் என்றால், போகும் முன் ஒரு தரம் மேலே பார்.

பீரோவுக்கும் அண்டாக்கள் வந்தன. முதலில் ரப்பர் செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தால் எறும்பு கடிக்கவில்லை. ஆனால் பீரோவுக்கு நேர் எதிரே இருதய ஆண்டவர் படம் இருக்கிறது. ஆண்டவர் முன்னால் செருப்போடு நிற்பதா என்று அது நின்றது. அடுத்து மணை. பீரோ முன்னால் ஒரு மர மணையைப் போட்டோம். ஸ்டெல்லா அதன் மேல் ஏறி நின்று திறப்பாள், மூடுவாள், இறங்குவாள். வயிறு வளர வளர, அவள் மணைமேல் ஏறுவதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசியாக வந்தது மெயின். அவள் பீரோவைத் திறக்கப் போகும்போது உன் அம்மா 'மெயினு!' என்று குரல் கொடுப்பாள். யார் கதவுப் பக்கம் இருக்கிறாரோ அவர் பலகையிலுள்ள மெயின் சுவிட்சைக் கீழே இழுப்பார். மின்விசிறி நிற்கும், ரேடியோ பாதிப் பாட்டில் சாகும். புடவை எடுத்தாயிற்று என்று சத்தம் வந்ததும் மேலே தள்ளுவார். தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. 'இன்னா, உங்க மருமவ பொடவ மாத்துதா?' என்று எதிர்வீட்டு மாமு கேட்கிறார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டெல்லா மறுபடி என்னிடம் வந்தாள்.

'மாமா, மெயின ஆஃப் பண்ணாலும் கடிக்குது. அத்தைக்கிட்ட சொல்லிடாதீங்க. பேஜாராவாங்க.'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டு இருப்பது கம்பத்திலிருந்து வரும் கம்பியில். மின்சாரம் ஒட்டைத் தாண்டித்தான் மெயினுக்கே வருகிறது. மெயினை அணைத்தால் விளக்கு அணையும், விசிறி அணையும். சுவர் அணையாது. இத்தனை மாதமாக நாம் வீட்டை இருட்டாக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நெருப்புக்குள் விட்டுக்கொண்டிருந்தோம். பீரோவின் பக்கவாட்டில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சுண்ணாம்பில் காசளவு மஞ்சள் கறை ஒன்று முன்பே இருந்தது. இப்போது அது ஆப்பம் அளவுக்கு விரிந்திருக்கிறது. ஓரம் பழுப்பு. கை வைத்தால் சுவர் வெதுவெதுவென்று இருக்கிறது, காய்ச்சல்காரன் முதுகு மாதிரி.

சித்தப்பாவிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. 'என் கை போட்ட ஒட்டு அண்ணாத்தே. அவ்ளோ பெரிய கிரேன் என் கைல நிக்குது. ஒரு பீரோ நிக்காதா?' என்றார். பீரோவையாவது நகர்த்தலாம் என்றேன். எங்கே நகர்த்துவது? வளைகாப்புக்கு ஸ்டெல்லாவின் அம்மா வரப்போகிறார். அவர் கொடுத்த பீரோ உள்ளறையில் கிடந்தால், மகளையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்று நினைப்பார். ஸ்டெல்லாவை இப்போதே தாய் வீட்டுக்கு அனுப்பலாம் என்றேன். வளைகாப்புக்கு முன்னால் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று உன் அம்மா கேட்டாள். எல்லாக் கேள்விகளுக்கும் நம் வீட்டில் பதில் இருந்தது, மகனே. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான பதில்.

ஆகவே உனக்கு எழுதுகிறேன். உன் கடிதங்களை உன் அம்மா ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். நீ எழுதினால் சுவரை மட்டுமல்ல, வீட்டையே இடிக்கச் சம்மதிப்பாள். என் பேச்சில் அந்த ஆணி அடித்திருக்கிறது. உன் பேச்சில் அது இல்லை. இந்தக் கடிதம் உன் கப்பல் தொடும் துறைக்கு வர எத்தனை நாள் ஆகும், உன் பதில் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருக்கிற எனக்குத் தெரியும். வானொலியில் புயல் எங்கேயோ மையம் கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். சீக்கிரம் எழுது.

மேலே உள்ளதை வெள்ளிக்கிழமை எழுதினேன். தபாலில் போடப் போகும்போது மழை வலுத்ததால் வைத்துவிட்டேன். இன்று செவ்வாய். மீதியையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சனிக்கிழமை முழுக்கக் கொட்டியது. காலையில் தெருத்தண்ணீர் வாசற்படி தாண்டி முன்னறைக்குள் வந்துவிட்டது. தள்ளிக் கழுவிவிட்டோம், தரை காயவில்லை. திருவொற்றியூரிலிருந்து சம்பந்தியம்மாவும் பெண்களும் வளையல் தட்டோடு வந்து, முழங்கால்வரை நனைந்து, பீரோவைப் பார்த்துத் திருப்தியோடு உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லாவை உட்கார வைக்க மணை வேண்டும். நம் வீட்டில் இருப்பது ஒரே மணை. அதைப் பீரோவுக்கு முன்னாலிருந்து எடுத்துக் கழுவி, கோலம் போட்டு, நடுவில் வைத்துவிட்டார்கள். அப்புறம் அவள் கட்டிக்கொள்ள வேண்டிய பட்டுப்புடவை பீரோவில் இருப்பது நினைவுக்கு வந்தது.

'மெயினு!' என்றாள் உன் அம்மா. நான் கதவுப் பக்கம் இருந்தேன். இழுத்தேன். மழை இருட்டோடு அறை இருட்டும் சேர்ந்துகொண்டது.

'இன்னாத்துக்கு சம்பந்தி வெளக்க அணைக்கிறீங்க?' என்று கேட்டார் சம்பந்தியம்மா.

ஸ்டெல்லா வெறும் தரையில் நின்றபடி என்னைப் பார்த்தாள். அவள் கை பாதி நீண்டிருந்தது. 'தொடாதே' என்றபடி நான் அவள் பக்கம் வந்தேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, சம்பந்தி வீட்டுப் பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பின்கட்டில் வாழையிலை கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு எழுந்து வந்தார்.

'ஒண்ணும் இல்ல சம்பந்தி. எங்க அண்ணாத்தே நெறைய பொஸ்தகம் படிப்பாரு. அதுல எங்கியோ பீரோ கடிக்கும்னு போட்டுக்கீதாம்' என்று சிரித்தார். ஸ்டெல்லாவை மெதுவாகத் தள்ளி நிறுத்தினார். 'நீ அப்பால நில்லு கண்ணு. சித்தப்பா எடுத்துத் தரேன். எந்தப் பொடவை, பச்சையா?'

கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே விறைத்து, தோளைக் குலுக்கினார். அவர் எப்போதும் ஏதாவது வேடிக்கை செய்கிறவர் என்பதால் பெண்கள் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவும் சிரித்தார். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. நான் மெயினை அணைக்க ஓடினேன். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. திரும்பி ஓடி வந்து மர ஸ்டூலை எடுத்து அவரைத் தள்ளினேன். விழுந்தார். கண்ணாடியில் நாங்கள் எல்லோரும் தெரிந்தோம்.

நேற்று காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவரோடு கிரேனில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஸ்டெல்லாவை அவள் அம்மா கையோடு கூட்டிப்போகப் பார்த்தார். துக்கவீட்டிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துப் போகக்கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சொன்னதால் அவள் இங்கேதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். பச்சைப் புடவை பீரோவிலேயே இருக்கிறது.

இன்று காலை ஆட்கள் வந்து கம்பத்தில் நம் வீட்டுக் கம்பிகளை அறுத்துவிட்டுப் போனார்கள். சுவரைத் திறந்து அந்த ஒட்டுகளை எடுத்தால்தான் மறுபடி மின்சாரம் கொடுக்க முடியும் என்றார்கள். உளியும் கொண்டுவந்திருந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு வரச் சொல்லி உன் அம்மா அவர்களை அனுப்பிவிட்டாள்.